காட்டுக்குள் குடில் போட்டுத் தங்கும் குடும்பங்கள்: காரையாறு ஆடி அமாவாசைக்கு ஏன் இத்தனை கட்டுப்பாடு?

குடும்பத்தோடு வெட்டவெளியில் தங்குவது திருச்செந்தூர்க்காரர்களுக்குப் புதுசு இல்லை. கந்த சஷ்டி வந்தால் கோயிலைச் சுற்றித் தற்காலிகக் கொட்டகைகள் எழும். பாயும் போர்வையுமாக ஆறு நாள் அங்கேயே விரதம் இருப்பவர்கள் உண்டு. வைகாசி விசாகத்துக்குக் கடற்கரை மணலிலேயே இரவைக் கழிப்பவர்களும் உண்டு. ஆனால் இந்தப் பக்கத்துக் குடும்பங்களின் உண்மையான ‘கேம்பிங்’ நடப்பது கடலோரத்தில் இல்லை. சுமார் 120 கிலோமீட்டர் மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலைக்குள், காரையாறு அணைக்குக் கீழே தாமிரபரணிக் கரையில் இருக்கும் சொரிமுத்து அய்யனார் கோயிலில், ஆடி அமாவாசையை ஒட்டி நடக்கிறது.

கம்பு, ஓலை, தார்ப்பாய், அண்டா, அரிசி மூட்டை, கிடா என்று ஒரு வீட்டையே பெயர்த்து எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். ஆச்சி முதல் கைக்குழந்தை வரை எல்லோரும் இருப்பார்கள். ஆற்றில் குளியல், அடுப்பில் சோறு, ராத்திரி சாமியாட்டம். கூடாரத்துக்கும் கேம்ப் ஃபயருக்கும் இன்று ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்டும் நகரத்து இளைஞர்களுக்கு முன்னாலேயே, எந்த விளம்பரமும் இல்லாமல் தென்மாவட்டக் குடும்பங்கள் இதைச் செய்துவந்திருக்கின்றன.

ஒரு காலத்தில் பத்து, பதினைந்து நாள் நீண்ட இந்தத் தங்கல் இப்போது சில நாட்களாகச் சுருங்கிவிட்டது. எத்தனை நாள், எந்த வண்டி, எங்கே குடில் என்று ஒவ்வோர் ஆண்டும் மாவட்ட நிர்வாகமும் வனத்துறையும் அறிவிப்பு வெளியிடுகின்றன. அறிவிப்பு வந்ததும் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் அங்கலாய்ப்பும் கிளம்பிவிடும். ‘தாத்தா காலத்துல இல்லாத சட்டமா?’ என்பது அதில் தவறாமல் வரும் கேள்வி. நியாயமான கேள்விதான். பதில் சொல்ல, கோயில், காடு, ஆறு மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

யார் இந்தச் சொரிமுத்து அய்யனார்?

நெல்லை, தூத்துக்குடி, தென்காசி, குமரி மாவட்டங்களில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சாஸ்தா உண்டு. பங்குனி உத்திரத்தன்று அந்தச் சாஸ்தா கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைப்பது வழக்கம். திருச்செந்தூரைச் சுற்றியே தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார், மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் என்று பெயர்பெற்ற அய்யனார்கள் இருக்கிறார்கள். தங்கள் சாஸ்தா யார் என்று மறந்துபோன குடும்பங்கள் சொரிமுத்து அய்யனாரைத் தங்கள் சாஸ்தாவாகக் கொண்டு கும்பிடும். எல்லாச் சாஸ்தாக்களுக்கும் மூத்தவர் இவர் என்ற நம்பிக்கைதான் காரணம். சபரிமலைக்கு மாலை போட இங்கே வருபவர்களும் உண்டு.

கோயில் வளாகத்தில் அய்யனார் தனியாக இல்லை. பேச்சியம்மன், தளவாய் மாடன், தூண்டில் மாடன், சங்கிலி பூதத்தார், பிரம்ம ராட்சசி என்று பெரிய பரிவாரமே இருக்கிறது. சங்கிலி பூதத்தார் அருள் வந்தவர்கள் இரும்புச் சங்கிலியால் தங்கள் மார்பில் அடித்துக்கொண்டு ஆடுவதைச் சின்ன வயதில் பார்த்தவர்களுக்கு அது ஆயுளுக்கும் மறக்காது.

எல்லாவற்றிலும் விசேஷமானது பட்டவராயன் சன்னிதி. பிராமண குலத்தில் பிறந்த முத்துப்பட்டன், சக்கிலியர் குலத்துப் பெண்களான பொம்மக்கா, திம்மக்கா மீது காதல் கொள்கிறான். பூணூலைக் கழற்றி, செருப்புத் தைக்கும் தொழிலைக் கற்று, அவர்களை மணக்கிறான். மாமனாரின் மாடுகளைக் கவர வந்தவர்களோடு சண்டையிட்டு உயிரை விடுகிறான். வில்லுப்பாட்டில் வாழ்ந்த இந்தக் கதையை ஆய்வாளர் நா. வானமாமலை அச்சில் பதிப்பித்தார். இன்றும் பட்டவராயனுக்கு நேர்த்திக்கடன் தோல் செருப்புதான். காணிக்கையாகக் கட்டிவிட்டுப் போகும் புதுச் செருப்பு அடுத்த ஆண்டு வந்து பார்த்தால் தேய்ந்திருக்கும், பட்டவராயன் அதைப் போட்டுக்கொண்டு காட்டைக் காவல் சுற்றுகிறான் என்பது நம்பிக்கை. காட்டுக்குள் காவல் நடக்கும் ஒரு தெய்வம் என்பது, இப்போது நடக்கும் வாதத்தில் யாரும் எடுத்துப் பேசாத ஒரு விஷயம்.

கோயில் சிங்கம்பட்டி ஜமீன் பரம்பரையின் பொறுப்பில் இருந்துவருவது. கடைசியாக முடிசூடிய ஜமீன்தார் டி.என்.எஸ். முருகதாஸ் தீர்த்தபதி, ஆடி அமாவாசை அன்று ராஜ உடையில் தர்பாரில் அமர்ந்து காட்சி தருவார். ராஜாவைப் பார்க்கவே ஒரு கூட்டம் வரும். அவர் 2020 மே 24 அன்று காலமானார். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் கொரோனா கட்டுப்பாடுகளால் பக்தர்கள் கூடவில்லை. ராஜாவும் இல்லை, கூட்டமும் இல்லை என்று ஆற்றங்கரை இரண்டு ஆடிகள் அமைதியாக இருந்தது.

புலிகள் காப்பகம் எப்போது வந்தது?

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. கோயில் எத்தனை பழசு என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். பாபநாசம் மேல் அணை என்னும் காரையாறு அணை 1940-களில் கட்டப்பட்டது. முழுக் கொள்ளளவு 143 அடி. முண்டந்துறை 1962-ல் புலிகள் சரணாலயம் ஆனது. களக்காடு 1976-ல் சரணாலயம் ஆனது. இரண்டையும் இணைத்து 1988-ல் உருவானதுதான் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் இது. 2007 டிசம்பரில் இதன் சுமார் 895 சதுர கி.மீ. பரப்பு புலிகளின் முக்கிய வாழிடமாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் அறிவிக்கப்பட்ட அகத்தியமலை யானைகள் காப்பகமும் இந்த மலைப்பகுதியைச் சேர்த்ததுதான்.

அதாவது கோயில் முதலில், அணை அடுத்து, காப்பகம் கடைசியில். காரையாறு, மைலாறு, சேர்வலாறு பகுதிகளில் காணி மக்களின் குடியிருப்புகளும் காப்பகத்துக்கு முன்பிருந்தே இருக்கின்றன. எனவே ‘காட்டுக்குள் கோயிலுக்கு என்ன வேலை’ என்று கேட்பது வரலாறு தெரியாத பேச்சு. ‘கோயில்தானே முதலில் வந்தது, காட்டுச் சட்டம் எங்களுக்கு எதுக்கு’ என்பதும் அதே அளவு பாதி உண்மைதான்.

காப்பகத்தின் மையப் பகுதியில் சுற்றுலாவே கூடாது என்று 2012 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. நாடு முழுக்கப் பரபரப்பானது. அக்டோபரில் புதிய வழிகாட்டு நெறிமுறைகள் வந்தபிறகு தடை விலகியது. ஆனால் மையப் பகுதிக்குள் மனித நடமாட்டத்தைக் கணக்குப் பார்த்து அனுமதிக்கும் போக்கு அன்று முதல் இறுகியது. சாதாரண நாட்களில் பாபநாசம் சோதனைச் சாவடி தாண்டிப் போகிறவர்கள் மாலைக்குள் கீழே இறங்கிவிட வேண்டும். இரவு தங்க வழி இல்லை. ஆடி அமாவாசை மட்டும் விதிவிலக்கு. விதிவிலக்கு என்பதால்தான் இத்தனை நிபந்தனை.

நாட்கள் ஏன் குறைந்தன?

கூட்டம் கூடியது ஒரு காரணம். அந்தக் காலத்தில் மாட்டு வண்டியிலும் லாரியிலும் வந்தவர்கள் அளவாகத்தான் வர முடிந்தது. கார், வேன் எல்லார் கைக்கும் வந்தபிறகு, முண்டந்துறைப் பீடபூமியின் குறுக்கே போகும் ஒற்றைச் சாலையில் வண்டிகள் வரிசை கட்டின. மானும் கரடியும் சிறுத்தையும் குறுக்கே கடக்கும் சாலை அது. அதனால்தான் அண்மை ஆண்டுகளில் திருவிழாவின் முக்கிய நாட்களில் சொந்த வண்டிகளை விக்கிரமசிங்கபுரத்தை ஒட்டிய அகஸ்தியர்பட்டியிலேயே நிறுத்திவிட்டு, அரசுப் பேருந்துகளில் பக்தர்களை மேலே ஏற்றும் ஏற்பாடு நடக்கிறது. அண்டா, குண்டான், குழந்தை எல்லாவற்றையும் பேருந்தில் ஏற்றுவது சிரமம்தான். ஆனாலும் எடுத்த நடவடிக்கைகளில் உருப்படியானது இதுதான் என்று சொல்லலாம்.

இன்னொரு காரணம், கூட்டம் விட்டுவிட்டுப் போகும் பொருள். தாத்தா காலத்துக் குடிலில் என்ன இருந்தது? பனை ஓலை, மூங்கில் கம்பு, மண்பானை, வாழையிலை, தையல் இலை, கோணிப்பை. விட்டுவிட்டு வந்தால் அடுத்த மழைக்கு மட்கிவிடும். இன்றைய குடிலில் பிளாஸ்டிக் விரிப்பு, தெர்மோகோல் தட்டு, தண்ணீர் பாட்டில், ஷாம்பூ சாஷே, டயாப்பர். தமிழ்நாட்டில் 14 வகை ஒருமுறை பயன்பாட்டு பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. காப்பகத்துக்குள் சோதனைச் சாவடியிலேயே பையைத் திறந்து பார்க்கிறார்கள். அப்படியும் மேலே போய்விடுகிறது. மட்காத பையில் உப்பும் எண்ணெயும் ஒட்டியிருந்தால் மானும் மிளாவும் அதைத் தின்னும். குரங்குகளைச் சொல்லவே வேண்டாம்.

அந்தக் காலம் முழுக்கத் தங்கம் என்று சொல்லவும் முடியாது. பதினைந்து நாள் அடுப்பெரிக்க விறகு எங்கிருந்து வந்தது? அதே காட்டிலிருந்துதான். ஆற்றோரத்து மரங்களும் புதர்களும் குடிலுக்காக வெட்டுப்பட்டன. அந்த ஆற்றோரக் காடுதான் நீர்நாய்களின் இருப்பிடம். பகலில் கரையில் ஓய்ந்து, மீன் பிடித்துத் தின்னும் விலங்கு அது. கரை முழுக்க மனிதர்கள் உட்கார்ந்துவிட்டால் அது வேறெங்கே போகும்? மணிமுத்தாறில் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையத்தை நடத்தும் ‘ஏட்ரீ’ ஆய்வு நிறுவனம், இந்தத் திருவிழாக் கூட்டத்தால் காட்டுக்கு ஏற்படும் பாதிப்பைப் பற்றிப் பல ஆண்டுகளாகப் பேசிவருகிறது.

யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம் ஒன்று உண்டு: கழிப்பறை. ஒரு குடும்பத்தில் 15 பேர், மூன்று நாள் தங்கினால் 45 ஆள்-நாள். ஆயிரம் குடும்பங்கள் என்று வைத்துக்கொண்டால் 45 ஆயிரம். தற்காலிகக் கழிப்பறைகள் வைக்கிறார்கள். வரிசை நீண்டால், தண்ணீர் தீர்ந்தால், இருட்டினால் ஜனங்கள் ஆற்றோரத்துக்குத்தான் ஒதுங்குகிறார்கள். பெண்களின் பாடு இதில் இன்னும் மோசம். இருட்டும்வரை அடக்கிக்கொண்டு, பிறகு துணைக்கு மதினியையோ சித்தியையோ கூட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. பத்து நாளை மூன்று நாளாக்கினால் இந்தக் கணக்கு குறைவது போலத் தோன்றும். ஆனால் பத்து நாளில் பிரிந்து வந்த கூட்டம் மூன்று நாளில் மொத்தமாக வந்து இறங்கினால், அந்த மூன்று நாளும் ஆறு தாங்க வேண்டிய சுமை கூடத்தான் செய்யும். நாளைக் குறைப்பது ஒரு சுற்றறிக்கையில் முடிகிற வேலை. போதுமான கழிப்பறையும் தண்ணீரும் வெளிச்சமும் ஏற்பாடு செய்வதற்குப் பணமும் ஆளும் வேண்டும். எளிதானது முந்திக்கொண்டது, கடினமானது பின்தங்கிவிட்டது.

திருச்செந்தூருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம் உண்டு. சொரிமுத்து அய்யனார் கோயிலைத் தொட்டுக்கொண்டு ஓடும் தண்ணீர், பாபநாசத்தில் சமவெளிக்கு இறங்குகிறது. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகளைக் கடக்கிறது. சுமார் 86 ஆயிரம் ஏக்கர் நிலத்துக்குப் பாய்கிறது. நெல்லை மாநகரின் குடிநீரும், தூத்துக்குடி மாவட்டத்துக் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களும் இந்த ஆற்றை நம்பித்தான். கடைசி அணைக்கட்டான ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பிரியும் தென்கால் கடம்பா குளம் உள்ளிட்ட குளங்களை நிரப்பிக்கொண்டே வருகிறது. திருச்செந்தூர் ஆவுடையார்குளத்துக்கும் அந்த வழியாகத்தான் தண்ணீர் வர வேண்டும். மிச்சம் புன்னக்காயலில் கடலில் சேர்கிறது.

சுமார் 125 கி.மீ. நீளமுள்ள ஆற்றின் வாலில் இருக்கும் குடும்பம், தலைப்பகுதிக்குப் போய்க் குடில் போடுகிறது. அங்கே சோப்பு போட்டுக் குளித்து, கிடாக் கழிவை ஆற்றில் விட்டு, பழைய துணியைத் தண்ணீரில் கழற்றிப் போட்டுவிட்டு ஊர் திரும்புகிறது. பரிகாரம் என்று துணியை ஆற்றில் விடும் பழக்கம் பாபநாசம் படித்துறையில் ஆண்டு முழுக்கவே பெரிய தலைவலி. மூழ்கிக் கிடக்கும் துணிகளை ஆட்களை இறக்கி அள்ள வேண்டியிருக்கிறது. பாலித்துணி மட்காது. மீனுக்கும், குளிக்க இறங்குபவரின் காலுக்கும் அது வலைதான். சாமி கும்பிட்ட தண்ணீர் என்று தலையில் தெளித்துக்கொள்ளும் அதே ஆற்றுநீர்தான் வழியில் இதையெல்லாம் சேர்த்துக்கொண்டு வீட்டுக் குழாய் வரை வருகிறது. வழியில் நகரங்கள் சேர்க்கும் சாக்கடையோடு ஒப்பிட்டால் திருவிழாக் கழிவு சின்ன விஷயம்தான். அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் ஆறு சுத்தமாக இருக்கும் கடைசி இடம் மலைதான். அங்கேயே கெட்டால் கீழே சரிசெய்ய எதுவும் மிஞ்சாது.

வெள்ளம் என்ற பயமும் உண்டு

ஆடி என்பது தென்மேற்குப் பருவமழை மாதம். மலையில் சாரல், சில நாள் கனமழை. கோயில் அணைக்குக் கீழே இருப்பதால் மேலே தண்ணீர் திறந்துவிட்டால் கரையில் மட்டம் ஏறும். வானம் வெளுத்திருக்கிறதே என்று ஆற்று நடுப்பாறையில் அடுப்பு மூட்டி உட்காருவது ஆபத்து. மேலே பெய்த மழை கீழே தெரியாது.

இது வெறும் எச்சரிக்கை இல்லை. விருதுநகர் மாவட்டத்தை ஒட்டிய சதுரகிரி மலையில் 2015 மே மாதம் அமாவாசைக்குப் போயிருந்த பக்தர்கள் திடீர்க் காட்டாற்று வெள்ளத்தில் சிக்கினார்கள். பலர் உயிரிழந்தனர். அதன்பிறகுதான் சதுரகிரியில் நாள் கணக்கும் நேரக் கணக்கும் கடுமையாயின. காரையாற்றில் ஆற்றங்கரையை ஒட்டிக் குடில் போடாதே என்று சொல்வதற்குப் பின்னால் அந்த நினைவும் இருக்கிறது.

பக்கத்து மாநிலத்தில் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

சபரிமலையும் ஒரு புலிகள் காப்பகத்துக்குள்தான் இருக்கிறது, பெரியாறு புலிகள் காப்பகம். பம்பையில் துணி விடும் பிரச்சினை அங்கேயும் உண்டு. 2011-ல் கேரளக் காவல்துறை முன்னெடுத்த ‘புண்ணியம் பூங்காவனம்’ இயக்கத்தில், தரிசனத்துக்கு வந்த பக்தர்களே சிறிது நேரம் குப்பை அள்ளினார்கள். அய்யப்பனின் காடு என்பதால் அதைச் சுத்தம் செய்வதும் வழிபாடு என்று சொன்னது எடுபட்டது. காட்டை ஒட்டி வாழும் குடும்பங்களைக் குழுக்களாக்கி, பாதையில் கடை நடத்தும் உரிமையும் பாதையைப் பராமரிக்கும் பொறுப்பும் அவர்களிடமே கொடுத்த ஏற்பாடும் பெரியாற்றில் நடந்திருக்கிறது. சபரிமலையில் எல்லாம் சரியாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. ஆனால் தடுப்பு வேலியும் அபராதமும் மட்டும் வைத்து நடக்காத ஒன்று, பக்தியின் பேச்சிலேயே பேசியபோது ஓரளவு நடந்தது. காட்டைக் காவல் சுற்றும் பட்டவராயன் இருக்கும் காரையாற்றில் அந்தப் பேச்சுக்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. காணி மக்களுக்குத் திருவிழா வருமானத்தில் என்ன பங்கு என்ற கேள்வியும் அப்படியே நிற்கிறது. வருடம் முழுக்க அந்தக் காட்டில் வாழ்பவர்கள் அவர்கள். மூன்று நாள் விருந்தாளிகள் போட்டுவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களும் அவர்கள்தான்.

போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஆடி அமாவாசைத் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2024-ல் ஆகஸ்ட் 4, 2025-ல் ஜூலை 24. விடுப்பு எழுதிக் கொடுக்கும் முன் பஞ்சாங்கத்தையும், பிறகு மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பையும் பார்ப்பது நல்லது. எந்த நாள் முதல் எந்த நாள் வரை குடில், எந்த நாள் சொந்த வண்டி என்பது அறிவிப்பில்தான் இருக்கும். போன வருடம் இப்படித்தான் இருந்தது என்று நம்பிக் கிளம்பி, அகஸ்தியர்பட்டியில் நின்று வாதாடிப் பயன் இல்லை. திருச்செந்தூரிலிருந்து வருபவர்கள் நெல்லை, அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் வழியாகப் பாபநாசம் போக வேண்டும். ரயிலில் வந்தால் நெல்லை–தென்காசி பாதையில் அம்பாசமுத்திரத்தில் இறங்கலாம்.

சாப்பாட்டுக்கு வாழையிலையும் எவர்சில்வர் தட்டும் போதும். தண்ணீருக்குப் பெரிய கேன் ஒன்றைத் திரும்பத் திரும்ப நிரப்பிக்கொள்ளலாம். குளிக்கச் சோப்பு, ஷாம்பூ இல்லாமல் மூன்று நாள் தாங்கும். தாத்தா ஆச்சி எல்லாம் அப்படித்தான் குளித்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. டயாப்பர், நாப்கின் போன்றவற்றைக் காட்டில் புதைத்தால் காட்டுப்பன்றி தோண்டிவிடும். மூடிய பையில் போட்டுக் கீழே கொண்டுவருவதுதான் ஒரே வழி. சாரலில் நனையாத மாற்றுத்துணியும், டார்ச்சும், வயதானவர்களின் மாத்திரையும் அவசியம். காட்டுக்குள் செல்போன் சிக்னலை நம்ப முடியாது. யார் எங்கே கூட வேண்டும் என்று பேருந்து ஏறும் முன்பே பேசிவைத்துக்கொள்ள வேண்டும்.

பட்டவராயனுக்குச் செருப்பு நேர்ந்திருந்தால் தோல் செருப்பாக வாங்க வேண்டும். ரெக்சினும் ரப்பரும் வழக்கத்திலும் இல்லை, மட்கவும் மட்காது.